எந்தக் கம்பி சங்குக்குப் போகிறது

"டீச்சர், இந்த மிஷின் பொய் சொல்லுது."

ஐஸ் பேக்டரியின் மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னாசிமுத்துவுக்கு இன்னும் அடங்கவில்லை. தோளில் சுமந்து வந்த சர்வரை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் மேசை ஒரு ஆட்டம் ஆடியது.

அந்த மாடியில் மிஷின் வேலை சொல்லிக்கொடுக்கும் கமலவேணி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன கேட்டீங்க? அது என்ன சொல்லிச்சு?"

"சங்கை ஊதுன்னேன். ஊதிட்டேன்னுச்சு. ஊதலை."

"யாரை ஊதச் சொன்னீங்க?"

"சீரோவை."

"சீரோ ஊதியிருக்குமே அண்ணாச்சி."

இன்னாசிமுத்துவுக்குக் கோபம் வந்தது. அறுபதை நெருங்கும் ஆள். எதிரே இருப்பவருக்கு முப்பத்தைந்து இருக்கும். நேராகக் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் இந்த அம்மாவுக்கு என்ன குறைந்துபோகும் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்கு மட்டுமில்லை. அந்த மாடிக்குப் போய்வந்த எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. எனக்கும்தான்.

ஆனால் கெட்டுப்போன மிஷினைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போவதும் அதே மாடிக்குத்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மணல்துறைக் கரையில் ஏழு ஊர். ஊருக்கு ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் ஆபத்துச் சங்கு. சங்கு என்றால் கரண்டில் ஊதுகிற சங்கு. கடலில் சூறைக்காற்று கிளம்புகிறது என்று வானிலை மையத்திலிருந்து செய்தி வந்தால் ஏழும் சேர்ந்து ஊத வேண்டும். கரையோரம் வலை விட்டிருப்பவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பிவிடுவார்கள்.

செய்தியை வாங்குவதும் சங்கை ஊத வைப்பதும் ஏழு ஊருக்கும் பொதுவான கமிட்டிக் கட்டடத்தில் இருக்கும் இந்த ஒரே மிஷின். பார்த்துக்கொள்கிறவர் இன்னாசிமுத்து.

மிஷினுக்குள் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்றிலிருந்து கிளம்பும் கம்பி வானிலை மையத்துக்குப் போகிறது. இன்னொன்றிலிருந்து கிளம்புவது சங்குகளுக்குப் போகிறது. கார்டுகளை மிஷின் கூப்பிடும் பெயர் ஈத் சீரோ, ஈத் ஒன். சீரோ என்றால் சங்கு. ஒன் என்றால் வானிலை. ரொம்ப காலமாக அப்படித்தான்.

இடி விழுந்து சங்குக் கார்டு கருகியது. இன்னாசிமுத்து புதுக் கார்டு வாங்கி அதே இடத்தில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

சங்கை ஊதிப் பார்க்கவில்லை.

பார்க்கவும் முடியாது. வானம் தெளிந்திருக்கும் நாளில் ஆபத்துச் சங்கை ஊதினால், ஊதினவன் புயலைக் கூப்பிட்டதாகக் கணக்கு. அவன் வீட்டு வாசலை ஒருத்தரும் மிதிக்கமாட்டார்கள். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கார்டு மாற்றிய உடனே ஒரு தடவை ஊதிப் பார்த்திருப்பான். எங்கள் ஊர்க்காரர் பச்சை விளக்கை நம்பினார்.

அடுத்த வாரம் சூறை வந்தது. செய்தியும் வந்தது; எந்தக் கம்பியில் வந்தாலும் மிஷின் அதை வாங்கிக்கொள்ளும். மிஷின் சீரோவை ஊதச் சொன்னது. ஊதிவிட்டேன் என்று ஸ்க்ரீனில் எழுதியது.

கரையில் ஒரு சத்தமும் இல்லை.

ஆண்டவர் புண்ணியத்தில் எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் ரெக்ஸனின் வள்ளம் கடலுக்குள் கிடக்கும் பாறைப் பாரில் மோதி இரண்டாகப் பிளந்தது. அவன் ஒரு மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப் பிடித்து மிதந்து கிடந்தான். வேறு ஊர் வள்ளம் வந்து தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தது.

ரெக்ஸன், இன்னாசிமுத்துவின் மருமகன்.

மகள் ஜெசிந்தா வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "உங்க சங்கு ஊமை." அதற்குப் பிறகு அப்பாவோடு பேசவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. தெருவில் பார்த்தால் சேலையை இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

கமிட்டித் தலைவர் தொம்மை கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சங்கு ஊத வேண்டும். ஊதாவிட்டால் ஏழு கம்பத்தையும் அன்றைக்கே இறக்கிவிட வேண்டியதுதான். ஊதும் என்று நம்பிச் சாவதைவிட, சங்கே இல்லை என்று தெரிந்து பிழைப்பது மேல்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னாசிமுத்துவைத் தூங்கவிடாமல் செய்தது.

"சீரோன்னா யாரு அண்ணாச்சி?" என்றார் கமலவேணி.

"சங்குக் கார்டு."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்லுதேன்."

"மிஷின் சொல்லிச்சா?"

இன்னாசிமுத்து தலையைச் சொறிந்தார்.

"கொஞ்சம் வெளிய போயிட்டு மறுபடி உள்ள வாங்க" என்றார் கமலவேணி.

பல்லைக் கடித்துக்கொண்டு போனார். கதவுக்கு வெளியே செருப்பை மாட்டினார். திரும்பி வந்து, குனிந்து கழற்றினார். அந்த நேரம் பார்த்து, கீழே ஐஸ் ஏற்றுகிற மாடசாமி கையில் இரண்டு டீயோடு அவரைத் தாண்டி உள்ளே நுழைந்தான்.

கமலவேணி எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க இன்னாசி அண்ணாச்சி. உக்காருங்க. மக பேசினாளா?"

மாடசாமி திருதிருவென்று விழித்தான்.

"எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலையே டீச்சர்."

"இருக்கட்டும் அண்ணாச்சி. டீ குடிங்க."

பின்னாலேயே வந்த இன்னாசிமுத்துவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"மாடசாமி, இங்க என்ன நிக்க? கீழ லாரி வந்து நிக்குது. போ, போயி ஐஸை ஏத்து."

இன்னாசிமுத்துவின் முகம் சிவந்தது. எங்கள் ஊரில் அவரை 'போ' என்று சொல்ல அவருடைய அம்மாவுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"என்ன டீச்சர், ஆள் தெரியலையா?"

"தெரியுமே. மொதல்ல நுழையுத ஆள் இன்னாசி. ரெண்டாவது நுழையுத ஆள் மாடசாமி."

"அதெப்படி? இன்னைக்கு இவன் முந்திட்டான்…"

நிறுத்தினார்.

மேசைமேல் இருந்த மிஷினைப் பார்த்தார். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து டீயை உறிஞ்சும் மாடசாமியைப் பார்த்தார்.

"மொதல்ல முழிச்சது எதுவோ அதுதான் சீரோவா?"

கமலவேணி இன்னொரு டீயை எடுத்துக்கொண்டார்.

"புதுக் கார்டு கொஞ்சம் லேட்டா முழிச்சிருக்கு. வானிலைக் கார்டு முந்திக்கிச்சு. சீரோங்குற பேரை அது வாங்கிக்கிச்சு. நான் சங்கை ஊதுன்னு சொன்னது வானிலை மையத்துக்குப் போயிருக்கு."

"அவங்களுக்குக் கேட்டுருக்கும்" என்றான் மாடசாமி.

கமலவேணி அவனை முறைத்தார். அவன் டீயோடு கீழே இறங்கிப் போனான்.

மறுநாள் இன்னாசிமுத்து ஒரு தெளிவோடு வந்தார்.

"பிடிச்சிட்டேன் டீச்சர். ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிக்கும்போதே ஒரு நம்பர் போட்டு அனுப்புதான். அந்த நம்பர் வேற கார்டுக்குக் கிடையாது. இந்த நம்பரைக் கண்டா இதுதான் சங்குன்னு மிஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். இனி எவன் முந்துனா என்ன, பிந்துனா என்ன?"

கமலவேணி ஜன்னலில் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். சங்குக் கம்பியின் நுனியில் ஒரு பழைய ஆட்டோ ஹாரன். வானிலைக் கம்பியின் நுனியில் ஒரு பல்பு. சரியான வழியில் போனால் ஹாரன் அடிக்கும். வழி தப்பினால் பல்பு எரியும்.

இன்னாசிமுத்து மிஷினை எழுப்பினார். ஊதச் சொன்னார். ஹாரன் அடித்தது. அணைத்து எழுப்பினார். மறுபடியும் அடித்தது. இன்னும் ஒரு தடவை அடித்துக் காட்டினார். கீழே லாரிக்காரன் வழிவிடச் சொல்கிறார்கள் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினான்.

"எப்படி?"

கமலவேணி மிஷினை அணைத்தார். சங்குக் கார்டை உருவினார். மூலையில் ஐஸ் உருகிய தண்ணீர் ஒரு வாளி நிறைய இருந்தது. அதில் போட்டார்.

"டீச்சர்! அது நல்ல கார்டு!"

"இடி விழும்போது நல்ல கார்டான்னு பாத்துட்டா விழுந்துச்சு?"

வேறு ஒரு கார்டை எடுத்து அதே இடத்தில் செருகி, மிஷினை எழுப்பினார்.

ஹாரன் அடிக்கவில்லை. புதுக் கார்டின் நம்பர் வேறு. மிஷினுக்கு அது யாரோ.

இன்னாசிமுத்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் வந்தபோது குரலில் அவ்வளவு துள்ளல் இல்லை. ஆனாலும் நம்பிக்கை இருந்தது.

"ஆளைப் பாக்கக் கூடாது டீச்சர். உக்காந்திருக்க எடத்தைப் பாக்கணும். மூணாவது ஸ்லாட்டுல எந்தக் கார்டு இருந்தாலும் அதுதான் சங்கு. நீங்க எத்தனை கார்டை வேணும்னாலும் வாளியில போடுங்க."

கமலவேணி இரண்டு கார்டு மாற்றினார். இரண்டு தடவையும் ஹாரன் அடித்தது. இன்னாசிமுத்து மீசையைத் தடவினார்.

கமலவேணி மூன்றாவது ஸ்லாட்டில் டார்ச் அடித்துக் காட்டினார்.

"என்ன தெரியுது?"

குனிந்து பார்த்தார். ஸ்லாட்டின் செம்புப் பல்வரிசை முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது. கடல் காற்று. எங்கள் கரையில் அது சைக்கிளைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், ஸ்லாட்டை மட்டும் விட்டுவைக்குமா?

"இன்னும் ஒரு மழை தாங்குமா அண்ணாச்சி?"

"தாங்காது."

"அப்ப?"

"வேற ஸ்லாட்டுல போடணும்."

கமலவேணி கார்டை ஐந்தாவது ஸ்லாட்டில் போட்டு மிஷினை எழுப்பினார். ஜன்னலில் ஒன்றுமே நடக்கவில்லை. சங்கின் நாற்காலி காலியாக இருந்தது. சங்கு வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இன்னாசிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்க சொல்லித் தாரீங்களா, இல்ல கெடுக்கீங்களா? நான் ஒண்ணைக் கட்டினா நீங்க ஒண்ணைப் பிடுங்குதீங்க. ஞாயித்துக்கிழமை ஊதலைன்னா ஏழு கம்பமும் போச்சு. என் மக என்னை மனுஷனாவே பாக்கமாட்டா. உங்களுக்கு இது விளையாட்டா இருக்கு!"

"எங்கிட்ட கெட்டா ஹாரன்தான் அடிக்காது அண்ணாச்சி."

 இன்னாசிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததில் வேர்வை மட்டும் இல்லை.

 கமலவேணி கையை நீட்டினார்.

"அந்தத் துண்டைக் குடுங்க."

கொடுத்தார்.

"கண்ணைக் கட்டப் போறேன்."

"எதுக்கு?"

"கமிட்டி வேலைக்கு வாரதுக்கு முந்தி வள்ளத்துல போனீங்கல்லா?"

"கல்யாணம் ஆகுத வரைக்கும் போனேன்."

"அப்ப பயப்படாதீங்க."

கட்டினார். பிறகு இன்னாசிமுத்துவின் இரண்டு கையிலும் கைக்கொரு கயிறு வந்து சேர்ந்தது. ஐஸ் கட்டி இழுக்கிற கயிறு. சில்லென்று ஈரமாக இருந்தது.

"ஒரு கயிறு ஜன்னல் கம்பியில கட்டியிருக்கு. இன்னொண்ணு மாடசாமி கையில இருக்கு. எது மாடசாமி?"

"கயித்தைத் தடவிப் பாக்கலாமா?"

"ரெண்டும் ஒரே கயித்தை வெட்டினது."

"எந்தக் கயித்தை மொதல்ல குடுத்தீங்க?"

"மாத்தி மாத்திக் குடுத்தேன்."

"எந்தக் கையில இருந்தா மாடசாமி?"

"எந்தக் கையிலயும் இருக்கலாம்."

இன்னாசிமுத்து கட்டிய கண்ணோடு சிரித்துவிட்டார்.

"இதென்ன கேள்வி டீச்சர்? வள்ளத்துல போற சின்னப் பயலுக்கும் தெரியும். கை நெறைய கயிறு கெடக்கும். ஒண்ணு நங்கூரத்துக்குப் போகும், ஒண்ணு கரைக்குப் போகும். அலை அடிக்கையில எவன் பாத்துக்கிட்டு இருக்கான்? இழுத்துப் பாப்போம். நங்கூரம் சும்மா கெடக்கும். கரையில நிக்குதவன் திருப்பி இழுப்பான்."

சொல்லிக்கொண்டே இடது கையை வெட்டி இழுத்தார். கயிறு விறைத்து நின்றது.

வலது கையை இழுத்தார். கீழே இருந்து மாடசாமி திருப்பி ஒரு இழு இழுத்தான். இன்னாசிமுத்து தடுமாறி ஜன்னல் வரைக்கும் போய்விட்டார்.

"யாருலே அது!" என்று மாடசாமியின் குரல் கீழே கேட்டது.

இன்னாசிமுத்து அசையாமல் நின்றார். கயிறு கையிலேயே இருந்தது.

கமலவேணி கட்டை அவிழ்க்க வந்தார்.

"அவுக்காதீங்க டீச்சர்" என்றார் இன்னாசிமுத்து. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி அந்த மாடிப்படி ஏறினார். இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை. அல்லது வாங்கியதை அவர் கவனிக்கவில்லை.

"இப்ப மிஷின் முழிச்சதும் எந்தக் கார்டுக்கும் பேர் வைக்காது டீச்சர். ஒவ்வொரு கம்பியிலயும் ஒரு சத்தம் குடுத்துப் பாக்கும். அந்தப் பக்கம் இருக்குதவன் பதில் சொல்லணும். கம்பத்துல சங்கை ஊத வைக்குத பெட்டிக்குப் போயி, கேட்டா 'நான் சங்கு'ன்னு சொல்லச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கேன். எந்தக் கம்பியில அந்தப் பதில் வருதோ, அந்தக் கார்டுக்குத்தான் சங்குன்னு பேரு."

"இன்னொண்ணு?"

"வானிலை மையம் பதில் சொன்னா அது வானம்."

"சீரோ?"

"அனுப்பிவிட்டுட்டேன்."

கமலவேணி மிஷினைச் சுற்றி நடந்தார். உட்காரவில்லை.

"கம்பத்துப் பெட்டியிலயும் இடி விழுமே அண்ணாச்சி."

"புதுப் பெட்டி வச்சு அதே பதிலைச் சொல்லிக் குடுப்பேன். பெட்டி யாரா இருந்தா என்ன? பதில் வந்தா சரி."

"வேற எவனாவது வந்து நான்தான் சங்குன்னு சொன்னா?"

"பதிலோட ஒரு ரகசியச் சொல்லும் வரணும். அது எனக்கும் பெட்டிக்கும்தான் தெரியும்."

"யாருமே பதில் சொல்லலைன்னா?"

இதைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஊதிட்டேன்னு சொல்லாது டீச்சர். பதில் வரலைன்னு கத்தும். கமிட்டி ரூம்ல கத்தும், என் போன்ல கத்தும், தொம்மை போன்லயும் கத்தும். காத்து வர்றதுக்கு முன்னாலயே கத்தும். இனி அந்த மிஷின் வாயில பொய் வராது."

கமலவேணி உட்கார்ந்தார். தன் டீயை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கு நீங்க வரணும்" என்றார் இன்னாசிமுத்து.

"வந்து என்ன செய்ய? கூட்டத்துல ஒரு ஆளா நிக்கேன்."

"ஏதாவது தப்பாப் போனா?"

"நீங்க பாத்துக்குவீங்க."

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கரையில் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. பூசை முடிந்த கூட்டம் அப்படியே கோயில் முற்றத்தில் நின்றது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆபத்துச் சங்கு ஊதக் கூடாத வானம் என்றால் அதுதான்.

மிஷினை வெளியே கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள். கம்பிகள் தரையில் ஓடி கமிட்டிக் கட்டடத்துக்குள் போயின. பெண்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஜெசிந்தா வரவில்லை. அவள் வீடு மூன்றாவது ஊரில், சங்குமுனையில் இருக்கிறது. வருவாள் என்று இன்னாசிமுத்து மூன்று தடவை எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

தொம்மை முன்னால் வந்தார். குரலைக் கனைத்தார்.

"இன்னாசி அண்ணன் ஊதும்னு சொல்லுதாரு. ஊதலைன்னா கம்பத்தை இறக்குதோம். ஊதிருச்சுன்னா, வெறும் வானத்துல ஊதுன பழி அவரோடது. சம்மதமா அண்ணே?"

"சம்மதம்."

"உங்க கையால மாத்துனா உங்களுக்குத் தோதா மாத்துவீங்க. நான் மாத்துவேன்."

"மாத்துங்க."

தொம்மைக்கு மிஷின் தெரியாது. ஆனால் என்ஜின் தெரியும். பிடுங்கினால் எது கெடும் என்ற அறிவு அவர் கையில் இருந்தது. மூடியைத் திறந்தார். சங்குக் கார்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா மகன் கடையிலிருந்து கொண்டுவந்த புதுக் கார்டு ஒன்றைப் பிரித்தார். அதை முதல் ஸ்லாட்டில் திணித்தார். வானிலைக் கார்டை எடுத்துக் கடைசி ஸ்லாட்டில் வைத்தார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

இன்னாசிமுத்து சிரித்தார். இவ்வளவும் மாடியில் பார்த்ததுதான்.

தொம்மைக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

குனிந்தார். இரண்டு கம்பியையும் உருவினார். சங்குக் கம்பியை வானிலைக் கார்டிலும், வானிலைக் கம்பியைப் புதுக் கார்டிலும் மாற்றிச் செருகினார்.

"இப்ப ஊதட்டும் பாப்போம்."

இன்னாசிமுத்துவின் சிரிப்பு நின்றது.

கம்பியை மாற்றிச் செருகிப் பார்த்ததே இல்லை. கார்டை மாற்றியிருக்கிறார், ஸ்லாட்டை மாற்றியிருக்கிறார். கம்பி இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒரு வாரமாக எல்லாவற்றையும் பிடுங்கிய டீச்சரும் அதை மட்டும் பிடுங்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் கமலவேணி சுவரில் சாய்ந்து நின்று மாங்காய்க் கீற்றில் உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். இன்னாசிமுத்து அவரைப் பார்த்தார். அவர் மாங்காயைப் பார்த்தார்.

"என்ன அண்ணே, எடுத்துறவா?" என்றார் தொம்மை. "இது சரியில்லன்னா சொல்லிருங்க. பழையபடி மாட்டுதேன்."

சொல்லலாம். சொன்னால் ஒருத்தரும் குறை சொல்லமாட்டார்கள். கம்பியைத் தலைகீழாக மாட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆனால் அவசரத்தில், காற்றில், வேறு யாரோ ஒருத்தன் வந்து தலைகீழாக மாட்டத்தானே செய்வான்.

இன்னாசிமுத்து மிஷினின் மூடியை எடுத்து மூடினார்.

"இருக்கட்டும். மிஷினைப் போடுங்க."

போட்டார்கள். ஸ்க்ரீனில் எழுத்து ஓடியது. இன்னாசிமுத்து ஊது என்று அடித்தார்.

ஒன்றும் இல்லை.

ஒரு காக்கை கத்தியது. பின்னால் எவனோ சிரித்தான். தொம்மை கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏணி எடுத்துவரச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

மிஷின் ஒரு கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் வானிலை மையம். தூரம் ஜாஸ்தி. பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். பிறகு இன்னொரு கம்பியை இழுத்தது.

கோயில் கம்பத்துச் சங்கு அலறியது.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. அலறல் அடங்குவதற்குள் தெற்கே பக்கத்து ஊரான பெரியகாட்டுச் சங்கு சேர்ந்துகொண்டது. அப்புறம் சங்குமுனை. அப்புறம் அதற்கு அடுத்தது. கரை நெடுக ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஏழும் ஊதின. மணலில் கிடந்த நாய்கள் எழுந்து ஓடின. கொக்குகள் கூட்டமாகக் கிளம்பிக் கடல் பக்கம் போயின. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். சிலுவை போட்ட பெண்கள் கை தட்டினார்கள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

தொம்மை இன்னாசிமுத்துவின் காதருகே வந்து கத்தினார்.

"எப்படிண்ணே?"

"மிஷின் கேட்டுச்சு! பதில் வந்துச்சு!"

தொம்மை சட்டைப் பையிலிருந்த கார்டை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார். அப்புறம் தன் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். வெறும் வானத்துப் பழியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்னாசிமுத்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுவரோரம் போனார்.

"டீச்சர்! கம்பியை மாத்துனாலும் ஊதும்னு உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதா?"

"இப்பத்தான் உங்ககிட்ட கத்துக்கிட்டேன்" என்றார் கமலவேணி. மீதி மாங்காயை அவரிடம் நீட்டினார்.

அவர் அதை வாங்கவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்தார்.  ஒரு காதில் போனை அழுத்தி, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்தினார்.

"அப்பா!"

அந்தப் பக்கமும் சங்கு. சங்குமுனைச் சங்கு. அதற்கு நடுவில் ஒரு குழந்தையின் அழுகை. எல்லாவற்றையும் மீறி ஜெசிந்தாவின் குரல்.

"அப்பா, காது கிழியுதுப்பா! பிள்ளை முழிச்சிட்டான்! நிறுத்துங்க, கேட்டுருச்சு, எங்களுக்கு நல்லாக் கேட்டுருச்சு!"

இன்னாசிமுத்து அழுதுகொண்டே சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊதட்டும் மக்கா" என்றார்.